ஒப்பீட்டுப் பட்டை வரைபடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிக்கைகளுக்கு வரைபடம் போட்டுத் தருவது பல வருடங்களாக என் அன்றாட வேலை. அதில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எக்செல் என்ற விரிதாள் மென்பொருளை முதன்மையாக வைத்துப் பதில் சொல்கிறேன். அதே வகை மென்பொருள்களான கூகுள் ஷீட்ஸும் லிப்ரெஆபிஸ் கால்க்கும் மாறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

விளக்கத்துக்கு ஒரு சின்ன அட்டவணையை வைத்துக்கொள்வோம். ஒரு நூலகம் இரண்டு ஆண்டுகளில் இரவல் கொடுத்த புத்தகங்களின் கணக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். எண்கள் உதாரணத்துக்காக நானே போட்டவை.

| நூல் வகை | 2023 | 2024 |
|---|---|---|
| கதைகள் | 420 | 465 |
| சிறுவர் நூல்கள் | 340 | 335 |
| அறிவியல் | 210 | 290 |
| வரலாறு | 180 | 150 |

ஒப்பீட்டுப் பட்டை வரைபடம் என்றால் என்ன?

ஒவ்வொரு வகைக்கும் ஒரு பட்டை மட்டும் இருந்தால் அது சாதாரணப் பட்டை வரைபடம். ஒவ்வொரு வகைக்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அது ஒப்பீட்டு வரைபடம். இந்த ஆண்டும் போன ஆண்டும், இலக்கும் சாதித்ததும், வரவும் செலவும் என்று எந்த இணையாகவும் இருக்கலாம். எக்செல் இதை 'கிளஸ்டர்டு காலம்' என்கிறது. பட்டைகள் படுத்திருந்தால் 'கிளஸ்டர்டு பார்'.

இது பழைய யோசனை. வில்லியம் பிளேஃபேர் 1786-இல் அச்சிட்ட முதல் பட்டை வரைபடமே ஒப்பீட்டு வரைபடம்தான். ஸ்காட்லாந்து 17 நாடுகளோடு நடத்திய வணிகத்தை அதில் காட்டினார். ஒவ்வொரு நாட்டுக்கும் இறக்குமதிக்கு ஒரு பட்டை, ஏற்றுமதிக்கு ஒரு பட்டை. பல ஆண்டுக் கணக்கு கையில் இருந்திருந்தால் மற்ற நாடுகளுக்கு வரைந்ததுபோல் கோட்டு வரைபடமே போட்டிருப்பார். ஸ்காட்லாந்துக்கு ஒரே ஓர் ஆண்டின் கணக்குதான் கிடைத்தது, அதனால் பட்டைக்குப் போனார்.

வட்ட வரைபடம் இருக்கும்போது பட்டை எதற்கு?

நம் கண்ணுக்காக. ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் பட்டைகளின் முனைகளில் எது மேலே, எது கீழே என்பதை நாம் மிகத் துல்லியமாகச் சொல்லிவிடுவோம். கோணத்தையும் பரப்பையும் கணிப்பதில் தடுமாறுவோம். கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் இதைச் சோதித்து வரிசைப்படுத்தினார்கள். பொது அளவுகோலில் இடத்தைப் பார்ப்பது முதலில் வந்தது. நீளமும் கோணமும் அதற்குப் பின், பரப்பு இன்னும் பின்னால். இரண்டு வட்டங்களைப் பக்கத்தில் வைத்து, அறிவியல் துண்டு எவ்வளவு வளர்ந்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு பட்டைகளை வைத்துக் கேளுங்கள், உடனே பதில் வரும்.

ஆனால் ஒப்பிட வேண்டியது பன்னிரண்டு மாதங்களின் போக்கு என்றால் பட்டை வேண்டாம், கோடு போடுங்கள்.

அட்டவணையை எப்படி அமைக்க வேண்டும்?

மேலே இருப்பதுபோல. முதல் நெடுவரிசையில் பெயர்கள், முதல் வரிசையில் தலைப்புகள், நடுவில் வெறும் எண்கள். செல்களை மெர்ஜ் செய்து ஒன்றாக்காதீர்கள். நடுவில் வெற்று வரிசை விடாதீர்கள். மொத்தம் காட்டும் வரிசையைத் தேர்வில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் 1150-ம் 1240-ம் இரண்டு கோபுரங்களாக நிற்கும், மற்றவை குட்டையாகிவிடும்.

இன்னொன்று, எண்கள் உண்மையிலேயே எண்களா என்று பாருங்கள். வேறெங்கிருந்தோ ஒட்டிய எண்கள் சில நேரம் எழுத்தாகவே உட்கார்ந்திருக்கும். எழுத்தாக இருக்கும் செல்லுக்குப் பட்டையின் உயரம் பூஜ்யம். எழுத்தைச் செல்லின் இடதுபுறத்திலும் எண்ணை வலதுபுறத்திலும் ஒட்டிவைப்பது எக்செல்லின் இயல்பு, அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

சரி, எப்படி வரைவது?

எக்செல்லில் அட்டவணைக்குள் ஒரு செல்லைக் கிளிக் செய்து ஆல்ட் + எஃப்1 அழுத்துங்கள். அதே தாளில் வரைபடம் வந்துவிடும். வெறும் எஃப்11 அழுத்தினால் தனித் தாளில் வரும். மெனு வழியாகப் போக விரும்பினால் 'இன்செர்ட்' பகுதியில் 'சார்ட்ஸ்'.

கூகுள் ஷீட்ஸில் 'இன்செர்ட்', பிறகு 'சார்ட்'. வலப்பக்கம் திறக்கும் எடிட்டரில் 'செட்டப்', 'கஸ்டமைஸ்' என்று இரண்டு பகுதிகள் இருக்கும். தரவு பற்றியதெல்லாம் முதலாவதில், தோற்றம் பற்றியதெல்லாம் இரண்டாவதில்.

கால்க்கிலும் 'இன்செர்ட்', 'சார்ட்'தான். அங்கே நான்கு படிகளில் கேட்டுக்கேட்டு வரைந்து தரும். பிறகு திருத்த வேண்டுமென்றால் வரைபடத்தை டபுள் கிளிக் செய்து உள்ளே போக வேண்டும். ஒற்றைக் கிளிக் செய்தால் படம் நகருமே தவிர, உள்ளே எதையும் தொட முடியாது. புதிதாக வருபவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.

வரைபடத்தில் 2000-ஐத் தாண்டி இரண்டு பெரிய பட்டைகள் நிற்கின்றன. எங்கிருந்து வந்தன?

ஆண்டுகளிலிருந்து. நம் அட்டவணையை அப்படியே தட்டச்சு செய்து வரைந்து பாருங்கள். இடது ஓரத்தில் 'நூல் வகை' என்ற பெயரில் ஒரு ஜோடிப் பட்டை 2023, 2024 உயரத்துக்கு எழுந்து நிற்கும். கதைகள், அறிவியல் எல்லாம் அதன் காலடியில் கிடக்கும். லெஜண்டில், அதாவது எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று காட்டும் சிறு பட்டியலில், 2023, 2024 என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சீரிஸ்1', 'சீரிஸ்2' என்று இருக்கும். ஆண்டும் ஓர் எண் என்பதால் தலைப்பையும் தரவு என்றே எக்செல் எடுத்துக்கொண்டது.

எளிய மருந்து, இடது மேல் மூலையில் இருக்கும் செல்லை, அதாவது 'நூல் வகை' என்ற சொல்லை, அழித்துவிட்டு மறுபடி வரைவதுதான். மூலை காலியாக இருந்தால் முதல் வரிசையும் முதல் நெடுவரிசையும் பெயர்கள் என்று எக்செல் புரிந்துகொள்ளும். அந்தச் சொல் வேண்டும் என்றால் ஆண்டுக்கு முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள்: '2023. அது எழுத்தாகிவிடும். கூகுள் ஷீட்ஸில் 'யூஸ் ரோ 1 ஆஸ் ஹெடர்ஸ்' என்பதையும், கால்க்கில் 'ஃபர்ஸ்ட் ரோ ஆஸ் லேபிள்' என்பதையும் டிக் செய்தால் போதும்.

நான் நினைத்ததற்கு நேர்மாறாகப் பட்டைகள் சேர்ந்து நிற்கின்றன. எப்படி மாற்றுவது?

எக்செல்லில் வரைபடத்தைக் கிளிக் செய்தால் மேலே 'சார்ட் டிசைன்' வரும். அதில் 'ஸ்விட்ச் ரோ/காலம்'. கூகுள் ஷீட்ஸில் 'செட்டப்' பகுதியின் அடியில் 'ஸ்விட்ச் ரோஸ்/காலம்ஸ்'. கால்க்கில் 'டேட்டா சீரிஸ் இன் ரோஸ்' அல்லது 'இன் காலம்ஸ்'. மாற்றுவது ஒரு நொடி வேலை. எது சரி என்று முடிவு செய்வதுதான் உண்மையான வேலை, இந்தப் பக்கத்திலேயே நான் முக்கியமாகக் கருதும் விஷயமும் அதுதான்.

நம் அட்டவணையில் வகைகள் நான்கு, ஆண்டுகள் இரண்டு. எது அதிகமோ அதை அச்சில் வைப்பது எக்செல்லின் வழக்கம். அதனால் அச்சில் நான்கு வகைகள், ஒவ்வொன்றின் மேலும் இரண்டு ஆண்டுப் பட்டைகள். இதைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் விழுவது, அறிவியல் ஏறியது, வரலாறு இறங்கியது, சிறுவர் நூல்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன என்பது.

இப்போது மாற்றிப் போடுங்கள். அச்சில் இரண்டு ஆண்டுகள், ஒவ்வொன்றிலும் நான்கு நிறப் பட்டைகள். எண் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் இப்போது கண்ணில் படுவது, இரண்டு ஆண்டிலும் கதைகள்தான் முதலிடம், வரலாறுதான் கடைசி என்பது. அறிவியலின் ஏற்றத்தைக் காண வேண்டுமென்றால் இடது கூட்டத்தில் மூன்றாவது பட்டையை நினைவில் வைத்துக்கொண்டு, மூன்று பட்டைகளைத் தாண்டி, வலது கூட்டத்தில் மூன்றாவதைத் தேட வேண்டும். யாரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே வரைவதற்கு முன் ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள்: "படிப்பவர் இதையும் இதையும் ஒப்பிட வேண்டும்." அந்த இரண்டு 'இது'வும் ஒட்டி நிற்க வேண்டும். வாக்கியம் எழுத வரவில்லை என்றால் வரைபடம் போடும் நேரம் இன்னும் வரவில்லை.

நிற்கும் பட்டையா, படுக்கும் பட்டையா?

பெயர்களைப் பாருங்கள். பெயர்கள் நீளமாக இருந்தால் படுக்கை. நிற்கும் பட்டைகளுக்கு அடியில் நீளமான தமிழ்ப் பெயர்களைப் போட்டால் மென்பொருள் அவற்றைச் சாய்த்துவிடும், அல்லது செங்குத்தாகத் திருப்பிவிடும். கொம்பும் சுழியுமாக இருக்கும் நம் எழுத்தைக் கழுத்தைச் சாய்த்துப் படிப்பது வேதனை. ஆண்டு, மாதம் போன்று காலத்தைக் குறிப்பவை இடமிருந்து வலமாகப் போவதுதான் இயல்பு, அவற்றுக்கு நிற்கும் பட்டை.

படுக்கைப் பட்டை போட்டால் வரிசை தலைகீழாகிவிடுகிறதே?

ஆமாம், அட்டவணையில் முதலில் இருப்பது வரைபடத்தில் அடியில் போய் நிற்கும். பெயர்களின் வரிசை, அச்சுகள் சந்திக்கும் மூலையிலிருந்து தொடங்குவதால் இப்படி. பெயர்கள் உள்ள அச்சைக் கிளிக் செய்து கன்ட்ரோல் + 1 அழுத்துங்கள். 'கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' என்பதை டிக் செய்யுங்கள். வரிசை சரியாகும், ஆனால் எண் அச்சு மேலே ஏறிவிடும். அதே இடத்தில் 'அட் மேக்சிமம் கேட்டகரி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மறுபடி கீழே வந்துவிடும். கால்க்கில் 'ரிவர்ஸ் டைரக்ஷன்' என்று இருக்கும்.

லெஜண்டையும் ஒரு பார்வை பாருங்கள். அதில் உள்ள வரிசையும் பட்டைகள் நிற்கும் வரிசையும் எதிரெதிராக இருந்தால் படிப்பவர் ஒவ்வொரு முறையும் தடுமாறுவார்.

பட்டைகளை எந்த வரிசையில் அடுக்குவது?

மாதம், வயதுப் பிரிவு, வகுப்பு போன்றவற்றுக்கு இயல்பாகவே ஒரு வரிசை உண்டு. அதைக் கலைக்காதீர்கள். மற்றதெல்லாம் பெரிதிலிருந்து சிறிது. அகரவரிசை பெரும்பாலும் பயன்படாது. பட்டியலில் தன் பெயரைத் தேடுபவருக்கு மட்டும் அது உதவும்.

எந்த நெடுவரிசையை வைத்து அடுக்குவது என்றால், அண்மைய ஆண்டை வைத்து. மாற்றம்தான் செய்தி என்றால் வித்தியாசத்துக்குத் தனி நெடுவரிசை போட்டு அதை வைத்து அடுக்குங்கள். நம் அட்டவணையில் அப்போது அறிவியல் தலைமேல் வந்துவிடும், வரலாறு கடைசிக்குப் போகும். வரைபடத்துக்குள் அடுக்கும் வசதியைத் தேட வேண்டாம். அட்டவணையை அடுக்கினால் வரைபடம் தானே பின்தொடரும்.

பட்டைகள் ஒல்லியாக, தள்ளித் தள்ளி நிற்கின்றன. நெருக்குவது எப்படி?

ஏதாவது ஒரு பட்டையைக் கிளிக் செய்து கன்ட்ரோல் + 1. இரண்டு ஸ்லைடர்கள் தெரியும். 'கேப் விட்த்' என்பது ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையிலான இடைவெளி, பட்டையின் அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கில். 0 முதல் 500 வரை போகும். 'சீரிஸ் ஓவர்லேப்' என்பது ஒரே கூட்டத்துக்குள் பட்டைகள் எவ்வளவு ஏறி நிற்கின்றன என்பது. −100 முதல் 100 வரை. கழித்தல் என்றால் விலகல், கூட்டல் என்றால் ஒன்றன்மேல் ஒன்று.

புதிய எக்செல் பதிப்புகளில் நிற்கும் பட்டைக்கு இயல்பாக வருவது 219-ம் −27-ம். அதாவது ஜோடிகளுக்குள்ளேயே சிறு பிளவு, ஜோடிகளுக்கு இடையே பெரிய வெளி. நான் வழக்கமாக 60 முதல் 80 வரையும் 0-ம் வைக்கிறேன். ஜோடி ஒட்டி நின்றால்தான் ஜோடி என்று தெரியும். இடைவெளியையும் 0 ஆக்கிவிடாதீர்கள், எந்தப் பட்டை யாருடையது என்றே தெரியாமல் போகும். கால்க்கில் இதே இரண்டும் 'ஸ்பேசிங்', 'ஓவர்லேப்' என்ற பெயரில் இருக்கின்றன.

அச்சு கட்டாயம் பூஜ்யத்தில் தொடங்க வேண்டுமா?

பட்டை என்றால் கட்டாயம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பட்டையில் நாம் படிப்பது நீளத்தை. 94, 96 என்ற இரண்டு எண்களை 93-இல் தொடங்கும் அச்சில் போட்டால் தெரியும் நீளங்கள் 1-ம் 3-ம். ஒன்று மற்றதைப்போல் மூன்று மடங்கு. உண்மையான வித்தியாசம் சுமார் 2 சதவீதம். அச்சில் எண்கள் எழுதியிருக்கின்றனவே என்று சொல்லலாம். ஆனால் கண் முதலில் நீளத்தைத்தான் பார்க்கிறது, எண்ணைப் பிறகுதான் படிக்கிறது. ஒரு கூட்டத்தில் நான் போட்ட வரைபடத்தை வைத்து ஒரு குழுவை "இவ்வளவு பின்தங்கிவிட்டீர்களே" என்று கேட்டார்கள். அச்சைத் திருத்தாமல் விட்டது நான். அந்தக் குழுவினரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து எதை அனுப்பும் முன்பும் அச்சின் அடி எண்ணைப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

இங்கே கவனம் தேவைப்படுவதற்குக் காரணம், எக்செல் தானாகவே அச்சை வெட்டிவிடும் என்பது. மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், பெரிய எண்ணில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் அது பூஜ்யத்தை விட்டுவிட்டு மேலே தொடங்கும். அச்சைக் கிளிக் செய்து கன்ட்ரோல் + 1 அழுத்தி, 'மினிமம்' பெட்டியில் நீங்களே 0 என்று அடித்துவிடுங்கள்.

அந்தச் சிறு வித்தியாசம்தான் முக்கியம் என்றால்? வித்தியாசத்தையே கணக்கிட்டு, அதை மட்டும் பட்டையாக வரையுங்கள். அதன் அடிக்கோடு நேர்மையான பூஜ்யமாக இருக்கும். இல்லையென்றால் பட்டையை விட்டுவிட்டுப் புள்ளிகளாகப் போடுங்கள். புள்ளிக்கு நீளம் இல்லை, ஆகவே அச்சை வெட்டினாலும் பொய் சொல்லாது.

எந்த நிறங்களைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு ஆண்டுகள் என்றால் பழையதற்குச் சாம்பல், புதியதற்கு ஓர் அழுத்தமான நிறம். பின்னணி எது, செய்தி எது என்று லெஜண்டைப் பார்க்காமலே புரிந்துவிடும். சமமான இரண்டு தரப்புகள் என்றால் நீலமும் ஆரஞ்சும்.

சிவப்பும் பச்சையும் மட்டும் வேண்டாம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவருக்கு இவ்விரண்டையும் பிரித்தறிவதில் சிக்கல் உண்டு. மற்ற மக்களிடம் இந்த விகிதம் குறைவு, ஆனாலும் இல்லாமல் இல்லை. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பார்த்தாலும் இரண்டும் வேறுபட்டுத் தெரிய வேண்டும், அந்தச் சோதனை ஒன்றே போதும். ஓர் அறிக்கையில் ஒரு வரைபடத்தில் 2024 நீலம் என்றால் கடைசிப் பக்கம் வரை நீலம்தான்.

ஒரே ஒரு பட்டையை மட்டும் வேறு நிறமாக்க முடியுமா?

முடியும். ஒரு முறை கிளிக் செய்தால் அந்தத் தொடர் முழுவதும், அதாவது அதே நிறத்தில் உள்ள எல்லாப் பட்டைகளும், தேர்வாகும். சற்று நிறுத்தி அதே பட்டையை மறுபடி கிளிக் செய்தால் அது மட்டும் தேர்வாகும். பிறகு நிறத்தை மாற்றலாம். ஆனால் அட்டவணையை மறுபடி அடுக்கினால் நிறம் பழைய இடத்திலேயே நிற்கும், பெயர் மட்டும் நகர்ந்துவிடும். தரவு மாறிக்கொண்டே இருக்கும் என்றால் இஃப் ஃபார்முலாவால் இரண்டு நெடுவரிசைகளாகப் பிரியுங்கள். நிபந்தனைக்குப் பொருந்துபவை ஒன்றில், பொருந்தாதவை மற்றதில். இரண்டுக்கும் தனித்தனி நிறம் கொடுத்து ஓவர்லேப்பை 100 ஆக்கினால் நிறம் தானாக மாறும்.

பட்டைகளின் மேல் எண்களைப் போடலாமா?

பட்டைகள் பத்துப் பன்னிரண்டுக்குள் என்றால் போடுங்கள். போட்டபின் எண் அச்சையும் குறுக்குக் கோடுகளையும் எடுத்துவிடுங்கள். ஒரே தகவல் இரண்டு முறை வேண்டாம். அதற்கு மேல் பட்டைகள் இருந்தால் அச்சு மட்டும் போதும், எண்கள் ஒன்றின்மேல் ஒன்று மோதும்.

எக்செல் 2013 முதல் 'வேல்யூ ஃப்ரம் செல்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. பட்டை 2024-இன் எண்ணிக்கையைக் காட்டும், அதன் தலையில் வேறு செல்லில் கணக்கிட்டு வைத்த மாற்றத்தை எழுதலாம். அறிவியலுக்கு +38%, கதைகளுக்கு +11%, சிறுவர் நூல்களுக்கு −1%, வரலாற்றுக்கு −17%. ஒப்பீட்டு வரைபடத்துக்கு இதைவிட நல்ல லேபிள் எனக்குத் தெரியாது. படிப்பவர் மனதில் போட வேண்டிய கணக்கை நாமே போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

தலைப்பு எண்களோடு சேர்ந்து மாற வேண்டும்.

தலைப்பைத் தேர்ந்தெடுத்து, ஃபார்முலா பாரில் = அடித்து, தலைப்பு இருக்கும் செல்லைக் கிளிக் செய்து என்டர். அந்தச் செல் மாறினால் தலைப்பும் மாறும். கூடுமானவரை தலைப்பில் செய்தியையே எழுதுங்கள். 'இரவல் ஒப்பீடு 2023–2024' என்பதைவிட 'அறிவியல் நூல்களின் இரவல் 80 கூடியது' என்பது மேல்.

தமிழ்ப் பெயர்கள் செல்லில் சரியாக இருக்கின்றன, வரைபடத்தில் மட்டும் குழப்பமான எழுத்துகளாக வருகின்றன. ஏன்?

அந்தத் தமிழ், எல்லா எழுத்துருக்களுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் இல்லை, பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. செல்லில் அந்த எழுத்துரு இருப்பதால் தமிழாகத் தெரிகிறது, வரைபடம் வேறு எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், நிரந்தரத் தீர்வு அதுதான்.

இலக்கையும் சாதித்ததையும் ஒன்றுக்குள் ஒன்றாக வரைவது எப்படி?

அகலமான வெளிர் பட்டை இலக்கு, அதற்குள் ஒல்லியான அழுத்தப் பட்டை சாதித்தது. பார்க்க அழகு, படிக்கவும் எளிது. சிக்கல் என்னவென்றால் ஒரே அச்சில் உள்ள எல்லாத் தொடர்களுக்கும் 'கேப் விட்த்' ஒன்றுதான். அகலம் வேறுபட வேண்டுமென்றால் ஒன்றை இரண்டாம் அச்சுக்கு மாற்ற வேண்டும்.

'சாதித்தது' தொடரை ரைட் கிளிக் செய்து 'ஃபார்மட் டேட்டா சீரிஸ்', அதில் 'செகண்டரி ஆக்சிஸ்'. இப்போது அது இலக்கின் முன்னால் வந்து நிற்கும். அதன் இடைவெளியை 300 அளவுக்கும் இலக்கினுடையதை 60 அளவுக்கும் வையுங்கள். அடுத்த படிதான் உயிர்நாடி. வலது பக்கம் தோன்றிய இரண்டாவது எண் அச்சைக் கிளிக் செய்து டெலிட் அழுத்துங்கள். அழித்தபின் இரண்டு தொடர்களும் இடது அச்சின் அளவையே பின்பற்றும். அழிக்காமல் விட்டால் இரண்டும் வெவ்வேறு அளவுகோலில் நின்று, இலக்கைத் தொடாதவர் தாண்டிவிட்டதுபோல் தெரியக்கூடும். மறைத்தால் போதாது, அழிக்கவே வேண்டும்.

இரண்டாம் அச்சுக்கு மாற்றியதும் ஒரு தொடர் மற்றதை மறைத்துவிடுகிறது.

இரண்டு அச்சுகளின் பட்டைகள் ஒன்றையொன்று அறியாது, இரண்டும் நடுவில் வந்தே நிற்கும். கால்க்கில் 'ஷோ பார்ஸ் சைட் பை சைட்' என்று ஒரு டிக் இருக்கிறது, அதோடு தீர்ந்தது. எக்செல்லில் ஒரு தொடரைக் கோடாகவோ புள்ளியாகவோ மாற்றிவிடுங்கள். எண்ணிக்கையும் சதவீதமும்போல் அலகு வேறான இரண்டைப் பட்டைகளாகப் பக்கத்தில் நிறுத்தினால் அந்த உயர ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை. இரண்டு தனி வரைபடங்கள் போடுவதுதான் என் வழக்கம்.

நடுக்கோட்டிலிருந்து இடமும் வலமும் விரியும் வரைபடம்?

மக்கள்தொகைக் கூம்பு என்று பார்த்திருப்பீர்கள், அதே வகை. ஒரு தொடரின் எண்களைக் கழித்தலாக்குங்கள், படுக்கைப் பட்டை போடுங்கள், ஓவர்லேப் 100. பெயர்கள் நடுவில் பட்டைகளோடு மோதும், அதனால் பெயர் அச்சில் 'லேபிள் பொசிஷன்' என்பதை 'லோ' ஆக்குங்கள். கழித்தல் குறியை மறைக்க எண் அச்சின் நம்பர் ஃபார்மட்டில் #,##0;#,##0 என்று எழுதுங்கள். அரைப்புள்ளிக்குப் பின் வருவது கழித்தல் எண்ணின் வடிவம், அதில் குறி போடாததால் குறி தெரியாது. ஒட்டுமொத்த வடிவத்தைக் காட்ட இது நன்று. இடதையும் வலதையும் துல்லியமாக ஒப்பிடப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் பட்டைகளே மேல்.

அடுக்குப் பட்டை ஒப்பீட்டுக்கு உதவுமா?

ஒரே பட்டைக்குள் பகுதிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது அது. மொத்தத்தை ஒப்பிட உதவும். உள்ளே இருப்பவற்றில் அடித்தட்டை மட்டும் ஒப்பிட முடியும், ஏனென்றால் அதற்கு மட்டும்தான் பொது அடிக்கோடு உண்டு. மற்றவை மிதக்கின்றன. எந்தப் பகுதி முக்கியமோ அதை அடியில் வையுங்கள்.

ஆறு தொடர்கள் இருக்கின்றன. ஒரே வரைபடத்தில் போடலாமா?

வேண்டாம். மூன்றைத் தாண்டினால் கண் லெஜண்டுக்கும் பட்டைக்கும் இடையே அலைந்துகொண்டே இருக்கும். ஒரு வரைபடத்தைச் சரியாகச் செய்து, அதை நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தொடரை வைத்துச் சின்னச் சின்னதாக அடுக்குங்கள். எல்லாவற்றுக்கும் 'மேக்சிமம்' ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அதை மறந்தால் ஒவ்வொரு படமும் தன் இஷ்டத்துக்கு நீண்டு, ஒப்பீடே கெட்டுவிடும்.

புதிய வரிசை சேர்த்தால் வரைபடத்தில் வரவில்லை.

எக்செல்லில் வரைவதற்கு முன் அட்டவணையில் நின்று கன்ட்ரோல் + T அழுத்தி அதை டேபிள் ஆக்குங்கள். கீழே சேர்ப்பதெல்லாம் தானே வரும். டேபிள் ஆக்காத இடத்தில், கடைசி வரிசைக்குக் கீழே தட்டச்சு செய்வதற்குப் பதில் நடுவில் ஒரு வரிசையை இன்செர்ட் செய்தால் மூன்று மென்பொருள்களிலும் எல்லை விரியும்.

வரிசையை மறைத்தால் பட்டையும் மறைந்துவிடுகிறது.

அது இயல்பான அமைப்பு. 'செலக்ட் டேட்டா' திறந்து 'ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்' போய், மறைந்த வரிசைகளையும் காட்டு என்பதை டிக் செய்யுங்கள்.

தரவு இல்லாத இடத்தில் 0 போடலாமா?

கூடாது. 0 என்றால் எண்ணிப் பார்த்தோம், ஒன்றுமில்லை என்று பொருள். எண்ணவே இல்லை என்றால் செல்லைக் காலியாக விடுங்கள். பட்டையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால் 'தரவு இல்லை' என்று அந்த இடத்தில் ஒரு சிறு குறிப்பும் எழுதுங்கள்.

ஒவ்வொரு முறையும் இதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. எக்செல்லில் முடித்த வரைபடத்தை ரைட் கிளிக் செய்து 'சேவ் ஆஸ் டெம்ப்ளேட்'. அடுத்த முறை வரைபட வகைகளில் 'டெம்ப்ளேட்ஸ்' என்பதில் அது இருக்கும். ஏற்கனவே வரைந்த இன்னொன்றுக்குத் தோற்றத்தை மட்டும் மாற்ற, நல்ல வரைபடத்தை காப்பி செய்து, மற்றதைத் தேர்ந்தெடுத்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' போய் 'ஃபார்மட்ஸ்' கொடுங்கள்.

வேர்டில் ஒட்டினால் நிறம் மாறிவிடுகிறது.

வேர்டு தன் தீமின் நிறங்களைப் போட்டுவிடுகிறது. ஒட்டியதும் மூலையில் வரும் சிறு பெட்டியில் 'கீப் சோர்ஸ் ஃபார்மட்டிங்' தேர்ந்தெடுங்கள். அங்கேயே 'எம்பெட்', 'லிங்க்', 'பிக்சர்' என்ற வேறுபாடும் இருக்கும். 'எம்பெட்' கொடுத்தால் வரைபடத்தோடு எக்செல் கோப்பு முழுவதும் ஆவணத்துக்குள் போய்விடும், நீங்கள் காட்ட நினைக்காத தாள்கள் உட்பட. வெளியாட்களுக்கு அனுப்பும் ஆவணம் என்றால் 'பிக்சர்' ஆகவே ஒட்டுங்கள்.